சமூக வலைத்தளங்களும் வயது வரம்பும்: நம் பிள்ளைகளின் பிறந்த ஆண்டை யார் எழுதுகிறோம்?

நம் தாத்தா பாட்டி காலத்தில் பள்ளியில் சேர்க்கப் பிறப்புச் சான்றிதழ் கேட்டதில்லை. வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து இடது காதைத் தொடச் சொல்வார் தலைமை ஆசிரியர். விரல் காதில் பட்டுவிட்டால் பிள்ளைக்கு ஐந்து வயது ஆகிவிட்டது என்று பொருள். உடனே ஜூன் மாதத்தில் ஏதோ ஒரு தேதியை அவரே பதிவேட்டில் எழுதிவிடுவார். அதனால்தான் அனந்தபுரம், செஞ்சி, விழுப்புரம், திண்டிவனம் பக்கத்தில் அறுபது வயதைக் கடந்த பலருக்கு இன்றும் இரண்டு பிறந்தநாள்கள் உண்டு. பள்ளிச் சான்றிதழில் இருப்பது ஒன்று, ஆலயத்தின் திருமுழுக்குப் பதிவேட்டில் இருப்பது மற்றொன்று. வாத்தியார் வைத்த அந்தத் தேதியால் பெரிதாக யாருக்கும் கெடுதல் வந்ததில்லை. ஓய்வு பெறும் நேரத்தில் ஓர் ஆண்டு முன்பின் ஆகும், அவ்வளவுதான்.

இன்று நாம் வேறொரு தேதியை எழுதிக்கொண்டிருக்கிறோம். அண்மையில் மறைக்கல்வி வகுப்பில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளிடம் அலைபேசியைப் பற்றிப் பேசினோம். ஒரு சிறுவன் சிரித்துக்கொண்டே, "இன்ஸ்டாகிராமில் எனக்கு 37 வயசு டீச்சர்" என்றான். எப்படி என்று கேட்டதற்கு, அப்பாவின் பிறந்த வருடத்தைப் போட்டதாகச் சொன்னான். வகுப்பே சிரித்தது. விசாரித்தால், இன்ஸ்டாகிராம் வைத்திருந்த பிள்ளைகளில் ஒருவர்கூட உண்மையான ஆண்டைப் போட்டிருக்கவில்லை. ஞாயிறு திருப்பலி முடிந்து அவனுடைய தாயிடம் கேட்டோம். "எங்களுக்கு என்னாங்க தெரியும் டீச்சர்? செல்போன் வாங்குன கடையில அந்தத் தம்பியே ஐடி போட்டுக் குடுத்துச்சி. சின்ன வயசு போட்டா வேலை செய்யாதுன்னு சொல்லிச்சி" என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் அந்தப் பிள்ளையைப் பற்றி இணையத்தில் எழுதப்பட்ட முதல் தகவலே பொய்யாகிவிட்டது.

13 என்ற எண் எங்கிருந்து வந்தது?

முகநூல், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப், ஸ்னாப்சாட், எக்ஸ் ஆகிய எல்லாவற்றிலும் வழக்கமான கணக்கு தொடங்கக் குறைந்தபட்ச வயது 13 என்பதே விதி. பிள்ளை நல்லது கெட்டது அறியும் வயது 13 என்று மருத்துவர்கள் கூடி முடிவுசெய்த எண் அல்ல இது. 1998-ஆம் ஆண்டு அமெரிக்காவில் பிள்ளைகளின் இணையத் தனியுரிமையைக் காக்க ஒரு சட்டம் இயற்றப்பட்டு, 2000 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. 13 வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் விவரங்களைப் பெற்றோரின் ஒப்புதல் இல்லாமல் திரட்டக் கூடாது என்றது அந்தச் சட்டம். பெற்றோரைத் தேடி ஒப்புதல் வாங்குவதைவிட, "13 வயதுக்குக் கீழே வராதீர்கள்" என்று எழுதிவைப்பது நிறுவனங்களுக்கு எளிதாக இருந்தது. அந்த எண்தான் கடல் கடந்து நம் ஊர் அலைபேசிக் கடை வரைக்கும் வந்திருக்கிறது.

ஆகவே 13 ஆனவுடன் எல்லாம் பாதுகாப்பு என்று நாம் எண்ணிவிடக் கூடாது. அதே நேரத்தில், பொய்யான ஆண்டைப் போடுவதால் என்ன ஆகிறது என்பதையும் நாம் அறிந்திருக்க வேண்டும். பலருக்குத் தெரியாத செய்தி இதுதான்.

இன்ஸ்டாகிராம் 2024 செப்டம்பரில் பதின்வயதினருக்கென்று தனிவகைக் கணக்கை அறிமுகம் செய்தது. 2025 பிப்ரவரியில் அது இந்தியாவுக்கும் வந்தது. 18 வயதுக்குட்பட்டவர் என்று தெரிந்தால், கணக்கு தானாகவே தனிப்பட்டதாக மாறிவிடும். முன்பின் தெரியாதவர்கள் செய்தி அனுப்ப முடியாது. ஒரு நாளில் 60 நிமிடம் ஆனால் போதும் என்று நினைவூட்டும். இரவு 10 மணியிலிருந்து காலை 7 மணி வரை அறிவிப்புகள் வராது. 16 வயதுக்குட்பட்டவர் இவற்றைத் தளர்த்த விரும்பினால் பெற்றோர் அனுமதி தரவேண்டும். கடந்த ஏழு நாள்களில் பிள்ளை யார் யாரோடு செய்தி பரிமாறியது என்று பெற்றோர் பார்க்கலாம். என்ன பேசினார்கள் என்று பார்க்க முடியாது. அதுவும் சரியே என்பது நமது எண்ணம்.

இந்தப் பாதுகாப்பு போதுமானதா என்று கேட்டால், போதாது என்றுதான் சொல்வோம். ஆனால் 37 வயது என்று எழுதப்பட்ட நம் சிறுவனுக்கு இதில் ஒன்றுகூடக் கிடைக்காது. அந்த நிறுவனத்தின் கணக்கில் அவன் வளர்ந்த ஆண்மகன். யார் வேண்டுமானாலும் அவனுக்குச் செய்தி அனுப்பலாம். பெரியவர்களுக்கு உரிய விளம்பரமும் காணொளியும் அவனுக்குக் காட்டப்படும். வயதைக் கூட்டிப் போட்டபோது, அவனுக்காக வைக்கப்பட்டிருந்த வேலியை நாமே பிடுங்கிவிட்டோம்.

நம் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது?

2023 ஆகஸ்டில் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, 18 வயது நிறையாத எவரும் குழந்தையே. கல்லூரி முதலாண்டில் சேர்ந்திருக்கும் 17 வயது மகளும் இதில் அடக்கம். பிள்ளையின் விவரங்களைப் பயன்படுத்தும் முன், பெற்றோரின் ஒப்புதலைச் சரிபார்க்கத்தக்க முறையில் நிறுவனம் பெறவேண்டும். பிள்ளைகள் எதைப் பார்க்கிறார்கள் என்று பின்தொடர்ந்து கண்காணிப்பதும், அதற்கேற்ப விளம்பரம் காட்டுவதும் கூடாது. மீறும் நிறுவனத்துக்கு 200 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். இதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. பெற்றோர் ஒப்புதல் உள்ளிட்ட முக்கியப் பகுதிகளுக்கு 18 மாத அவகாசம், அதாவது 2027 மே வரை, தரப்பட்டிருக்கிறது.

இந்தச் சட்டத்தில் இன்னொரு பிரிவும் உண்டு. தன் விவரங்களைத் தருகிறவர் வேறொருவராக நடிக்கக் கூடாது, மீறினால் 10,000 ரூபாய் வரை அபராதம் என்கிறது அது. அப்பாவின் பெயரில் மகன் ஒப்புதல் தருவது விளையாட்டல்ல என்பதற்காக இதைச் சொல்கிறோம்.

வயது வரம்பையே உயர்த்த வேண்டும் என்ற குரலும் எழுந்திருக்கிறது. 13 வயதுக்குட்பட்டோருக்குச் சமூக ஊடகத்தைத் தடைசெய்யக் கோரிய மனுவை 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. இது அரசின் கொள்கை சார்ந்தது, அரசிடம் முறையிடுங்கள் என்று கூறிவிட்டது. அதே ஆண்டு டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, ஆஸ்திரேலியாவில் இருப்பதைப் போன்ற ஒரு சட்டத்தை மத்திய அரசு கொண்டுவரலாமா என ஆராயும்படி ஆலோசனை சொன்னது. அதுவரை பிள்ளைகளிடமும் பெற்றோரிடமும் விழிப்புணர்வை வளர்க்கக் குழந்தைகள் உரிமை ஆணையங்கள் முயலவேண்டும் என்றும் சொன்னது.

ஆஸ்திரேலியச் சட்டம் 2024 நவம்பரில் நிறைவேறி, 2025 டிசம்பர் 10 அன்று நடைமுறைக்கு வந்தது. 16 வயதுக்குட்பட்டவர்கள் இன்ஸ்டாகிராம், முகநூல், டிக்டாக், ஸ்னாப்சாட், யூடியூப் போன்றவற்றில் கணக்கு வைத்திருக்க முடியாது. முதல் சில வாரங்களிலேயே சுமார் 47 லட்சம் கணக்குகள் நீக்கப்பட்டன அல்லது முடக்கப்பட்டன என்று அந்நாட்டு அரசு அறிவித்தது. அங்கே பிள்ளைக்கும் அபராதம் இல்லை, பெற்றோருக்கும் இல்லை. தவறினால் நிறுவனம்தான் 4.95 கோடி ஆஸ்திரேலிய டாலர் வரை கட்டவேண்டும். மலேசியாவும் 16 வயது வரம்பை 2026-இல் கொண்டுவரப்போவதாக 2025 நவம்பரில் அறிவித்தது. நம் புதுவைப் பக்கத்துக் குடும்பங்கள் பலவற்றுக்கு உறவினர் வாழும் பிரான்சில், 15 வயது என்று 2023-இல் ஒரு சட்டம் இயற்றினார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டத்தோடு பொருந்தாததால் அது நடைமுறைக்கே வரவில்லை. சட்டம் எழுதுவது ஒன்று, அதைச் செயல்படுத்துவது வேறொன்று என்பது பணக்கார நாடுகளுக்கும் பொருந்துகிறது.

ஒப்புதல் தரப்போவது யார்?

2027-இல் பெற்றோரின் ஒப்புதல் கட்டாயமாகும்போது நம் வீடுகளில் என்ன நடக்கும் என்று சற்றே எண்ணிப் பார்ப்போம். அனந்தபுரத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் மல்லாட்டையும் நெல்லும் கரும்பும் போட்டுப் பிழைக்கும் குடும்பங்கள் உண்டு. கணவன் வளைகுடா நாட்டில், மனைவி இங்கே என்று வாழும் குடும்பங்களும் உண்டு. அப்பா அம்மா இருவரும் சென்னையிலோ பெங்களூரிலோ கட்டட வேலைக்குப் போய்விட, ஆயாவிடம் வளரும் பிள்ளைகளும் உண்டு. அந்த வீட்டில் அலைபேசி என்பது வெறும் பொழுதுபோக்கு அல்ல. துபாயில் இருக்கும் அப்பாவின் முகமே அதில்தான் தெரிகிறது. வெளியூரிலிருந்து வரும் பணமும் அதில்தான் வருகிறது. ஓ.டி.பி. எண் வந்தால், "என்னாடா வந்திருக்கு, படிச்சிச் சொல்லு" என்று ஆயா பேரனிடம்தான் கொடுப்பார். நாளை ஒப்புதல் கேட்டு அந்த அலைபேசிக்குச் செய்தி வந்தாலும், "சரி" என்று அழுத்தப்போவது அதே பேரனின் விரல்தான்.

இது பிள்ளைகள் மட்டும் செய்த தவறு என்று சொல்ல நமக்கு வாய் வரவில்லை. 2020 மார்ச்சில் பள்ளிகளை மூடினார்கள். வகுப்பு அலைபேசியில் நடக்கும் என்றார்கள். கடன் வாங்கியும் நகையை அடகு வைத்தும் பெற்றோர் அலைபேசி வாங்கிக் கொடுத்தார்கள். ஒன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை மீண்டும் பள்ளி திறந்தது 2021 நவம்பரில். பிள்ளைகள் வகுப்பறைக்குத் திரும்பினார்கள், அலைபேசி மட்டும் அம்மாவின் கைக்குத் திரும்பவில்லை. இந்திய கிராமங்களில் 14 முதல் 16 வயதுப் பிள்ளைகளிடம் எடுக்கப்பட்டு 2025 ஜனவரியில் வெளியான அசர் ஆய்வறிக்கை, 82 விழுக்காட்டினருக்கு அலைபேசியை இயக்கத் தெரியும் என்கிறது. முந்தைய வாரத்தில் அதைப் படிப்புக்குப் பயன்படுத்தியவர்கள் 57 விழுக்காடு. சமூக ஊடகத்துக்குப் பயன்படுத்தியவர்கள் 76 விழுக்காடு. அவ்வாறு பயன்படுத்துபவர்களில் தங்கள் கணக்கைத் தனிப்பட்டதாக மாற்றத் தெரிந்தவர்கள் சற்றேறக்குறைய 55 விழுக்காட்டினரே.

அதே அறிக்கையில் நம்மை நெருடும் இன்னொரு செய்தியும் உண்டு. அலைபேசி இயக்கத் தெரிந்தவர்களில், சொந்தமாக ஒன்று வைத்திருக்கும் ஆண் பிள்ளைகள் 36 விழுக்காடு, பெண் பிள்ளைகள் 27 விழுக்காடு. பெற்றோரின் ஒப்புதல் என்ற நல்ல சட்டம் நம் வீட்டுக்குள் வரும்போது, அண்ணனுக்கு ஒப்புதலும் தங்கைக்கு மறுப்புமாக மாறிவிடக் கூடிய ஆபத்து இருக்கிறது. போட்டித் தேர்வுக்கான பாடமும், கல்லூரி விண்ணப்பமும், உதவித்தொகை அறிவிப்பும் இன்று அலைபேசியில்தான் வருகின்றன. மகளைக் காப்பதாக எண்ணி அவளுடைய கதவை மட்டும் அடைத்துவிட்டு, மகனை இரவு ஒரு மணி வரை விட்டுவைக்கும் வீடுகளை நாம் அறிவோம். மிரட்டலுக்கு ஆளாகிறவர்கள் பெண் பிள்ளைகள் மட்டுமே என்று எண்ணுவதும் தவறு. ஆபாசப் படத்தை அனுப்பச் செய்து, பின் பணம் கேட்டு மிரட்டும் கூட்டங்களிடம் ஆண் பிள்ளைகளும் சிக்குகிறார்கள்.

வீட்டில் செய்யக்கூடியவை

முதலில் பிறந்த ஆண்டு. பிள்ளையும் பெற்றோரும் சேர்ந்து உட்கார்ந்து, கணக்கின் அமைப்புகளில் என்ன ஆண்டு இருக்கிறது என்று பாருங்கள். 13 நிறைந்த பிள்ளையாக இருந்தால் சரியான ஆண்டை மாற்றலாம். 18-க்குக் கீழே இருந்து 18-க்கு மேலே மாற்றத்தான் இன்ஸ்டாகிராம் அடையாள அட்டையோ முகக் காணொளியோ கேட்கும். 13 நிறையாத பிள்ளை உண்மையைச் சொன்னால் கணக்கு முடக்கப்படும். இதை மறைக்காமல் முன்பே சொல்லிவிடுங்கள். கணக்கில் இருக்கும் படங்களை முதலில் இறக்கி வைத்துக்கொள்ளலாம்.

வாட்ஸ்அப்பில், யார் யார் நம்மைக் குழுக்களில் சேர்க்கலாம் என்ற இடத்தில் "என் தொடர்புகள்" என்று வையுங்கள். தெரியாதவர்களின் அழைப்பு ஒலிக்காமலிருக்கவும், முகப்புப் படம் மற்றவர்க்குத் தெரியாமலிருக்கவும் அங்கேயே வழி உண்டு. சிறு பிள்ளைகளுக்குக் கூகுளின் ஃபேமிலி லிங்க் செயலி வழியாகத் தனிக் கணக்கு தொடங்கினால், எந்தச் செயலியை ஏற்றுவது, எவ்வளவு நேரம் பார்ப்பது என்பதைப் பெற்றோர் தம் அலைபேசியிலிருந்தே முடிவுசெய்யலாம். இதெல்லாம் நமக்கு வராது என்று தயங்கும் பெற்றோர், பங்கில் உள்ள கல்லூரி மாணவர் ஒருவரைக் கேட்டால் கால் மணி நேரத்தில் செய்து தருவார். இரவில் எல்லாருடைய அலைபேசியும், அப்பாவுடையதும் சேர்த்தே, ஒரே இடத்தில் சார்ஜ் ஏறட்டும். இதற்கு எந்தச் செயலியும் தேவையில்லை.

தவறு நடந்துவிட்டால் என்ன செய்வது? மிரட்டல் வந்ததாகப் பிள்ளை அழுதுகொண்டு வந்தால், முதல் வார்த்தை வசவாக இருக்கக் கூடாது. "உனக்கு எதுக்கு செல்போன்?" என்று அடித்துவிட்டால் அடுத்த முறை அந்தப் பிள்ளை நம்மிடம் வராது. பணம் அனுப்பாதீர்கள். செய்திகளை அழித்துவிடாதீர்கள், அவையே சாட்சி. இணையக் குற்றங்களுக்கான தேசிய உதவி எண் 1930, குழந்தைகளுக்கான உதவி எண் 1098. அருகில் உள்ள காவல் நிலையத்திலும் புகார் தரலாம். இளைஞர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 18 வயதுக்குட்பட்டவரின் ஆபாசப் படத்தை அனுப்புவது மட்டுமல்ல, அதை அழிக்காமல் வைத்திருப்பதும் குற்றமாகலாம் என்று, நம் மாநிலத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில் 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. நண்பன் அனுப்பினான் என்பது தப்பிக்க வழியாகாது.

பன்னிரண்டு வயதுப் பிள்ளை தொலைந்த கதை

லூக்கா நற்செய்தியின் இரண்டாம் அதிகாரத்தில் வரும் நிகழ்ச்சி நாம் அறிந்ததே. பாஸ்கா விழா முடிந்து ஊர் திரும்பும் வழியில், மகன் பயணக் கூட்டத்தில்தான் இருப்பான் என்று எண்ணி மரியாவும் யோசேப்பும் ஒரு நாள் பயணம் நடந்துவிட்டார்கள். அந்த மகனுக்கு வயது 12, இன்றைய விதிப்படி ஓர் ஆண்டு குறைவு! கூட்டத்தில் இருக்கிறான் என்ற நம்பிக்கையில்தான் நாமும் இருக்கிறோம். எந்தக் கூட்டத்தில், எந்தக் குழுவில் என்று கேட்பதில்லை. அவர்கள் திரும்பிப் போய்த் தேடினார்கள், கண்டதும் ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டார்கள், அவர் சொன்ன பதில் முழுவதும் விளங்காதபோதும் கூட்டிக்கொண்டு வீடு திரும்பினார்கள். பிள்ளைகளின் பதில் நமக்கு விளங்காமல் போவது புதிதல்ல.

2025 செப்டம்பர் 7 அன்று திருத்தந்தை 14ஆம் லியோ புனிதராக உயர்த்திய கார்லோ அகுதிஸ், கணினியில் கைதேர்ந்த இளைஞர். நற்கருணைப் புதுமைகளைப் பற்றி இணையதளம் அமைத்தவர். 2006-இல், 15 வயதில், இரத்தப் புற்றுநோயால் இறந்தார். இன்ஸ்டாகிராம் பிறந்ததோ 2010-இல்தான். அவர் வீடியோ விளையாட்டுக்கு வாரத்துக்கு ஒரு மணி நேரம் என்று தனக்குத்தானே அளவு வைத்துக்கொண்டார். அதை நம் பிள்ளைகளிடம் சொல்லும்போது, அவர் விளையாடினார் என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். திருத்தந்தை 16ஆம் பெனடிக்ட் 2009-ஆம் ஆண்டு சமூகத் தொடர்பு நாள் செய்தியில் இணைய நட்பை வரவேற்றார். அதற்காகக் குடும்பத்தாரோடும் அயலாரோடும் செலவிடும் நேரம் பறிபோகக் கூடாது என்றும் கவலைப்பட்டார். திருச்சபை கதவைச் சாத்தச் சொல்லவில்லை.

பிறரைக் கேட்குமுன் நம் பங்குகளையும் நாம் கேட்டுக்கொள்வோம். பீடச் சிறுவர்களுக்கென்று வாட்ஸ்அப் குழு வைத்து, பதினொரு வயதுப் பிள்ளையை அதில் சேர்த்தவர்கள் நாம்தாம். புதுநன்மை விழா முடிந்த அன்றே பிள்ளைகளின் படத்தைப் பெயரோடும் ஊரோடும் பள்ளியோடும் முகநூலில் போட்டவர்களும் நாம்தாம். பெற்றோரிடம் ஒரு வார்த்தை கேட்டோமா? அறிவிப்புகளைப் பெற்றோரின் எண்ணுக்கு அனுப்பலாம். படத்தைப் பெயரில்லாமல் போடலாம், ஆலயத்தின் அறிவிப்புப் பலகையிலேயே ஒட்டிவிடவும் செய்யலாம். ஜூன் மாதம் மறைக்கல்விக்குப் பெயர் பதியும்போது திருமுழுக்குப் பதிவேட்டைப் புரட்டிப் பிறந்த தேதியைச் சரிபார்க்கிறோம் அல்லவா? அன்றைக்கே ஒரு மேசை போட்டு, இளையோர் இயக்கத்தினர் இருவரை உட்கார வைத்தால், வரும் பெற்றோரின் அலைபேசியையும் சரிபார்த்து அனுப்பலாம்.

அந்த 37 வயதுச் சிறுவனைப் பற்றிச் சொல்லாமல் விட்டோம். தாயும் மகனும் இரண்டு வாரம் பேசினார்கள். அழுகையும் இருந்தது, ஒருநாள் சாப்பிடாமலும் இருந்தானாம். கடைசியில் ஊர்த் திருவிழாவில் எடுத்த படங்களை எல்லாம் இறக்கி வைத்துக்கொண்டு, கணக்கை அவனே மூடிவிட்டான். பதின்மூன்று நிறைய இன்னும் நான்கு மாதம் இருக்கிறது. வீட்டு நாட்காட்டியில் அந்தத் தேதியைச் சிவப்பு மையால் வட்டமிட்டு வைத்திருக்கிறான். அன்றைக்கு அம்மாவே கூட உட்கார்ந்து தொடங்கித் தர வேண்டும் என்பது ஒப்பந்தம்.